டவுன் ஹைஸ்கூலும் இரண்டு ஸ்காலர்ஷிப்புகளும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "உன் துறையைப் பற்றி ஏதாவது பேசு, அரை மணிக்கு மேல் போகாதே" என்றார். என் துறை மோட்டாரும் டிரான்ஸ்பார்மரும் ஸ்விட்ச் கியரும். ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை. சாப்பாட்டுக்கு முன்னால் இதையெல்லாம் யார் கேட்பார்கள்? அதனால் ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறேன். நடுவில் ஒரே ஒரு இடத்தில் மோட்டார் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று மதியம் பொதுக்குழுவில் நம் சங்கத்தின் உதவித்தொகை விதி ஒன்றுக்கு ஒரு திருத்தம் வைக்கப் போகிறேன். ஒரு செமஸ்டரில் ஒரு பேப்பர் அரியர் ஆனாலும் உதவித்தொகை நின்றுவிடும் என்ற விதி. இப்போது நான் சொல்லப்போகும் பள்ளிக்கூடக் கதை முழுக்க அந்த விதியைப் பற்றியதுதான்.

நான் கும்பகோணத்துக்காரன். ஆனால் டவுன் ஹைஸ்கூலில் படித்தவன் இல்லை. ஊரிலேயே வேறொரு பள்ளியில், தமிழ் மீடியத்தில் படித்தேன். எங்கள் வீட்டில் டவுன் ஹைஸ்கூல் என்றால் பெரியப்பாதான். அவர் காலத்தில் பதினோரு வகுப்பு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தால் பி.யு.சி. படிக்கக் காலேஜுக்குப் போக வேண்டும். 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. பல ஹைஸ்கூல்கள் மேல்நிலைப் பள்ளிகள் ஆயின. டவுன் ஹைஸ்கூலும் இன்று மேல்நிலைப் பள்ளிதான். ஆனால் பெரியப்பா வயசுக்காரர்கள் வாயில் அது இன்னும் ஹைஸ்கூல்தான். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவதையும் பார்க்கலாம்.

அந்தப் பள்ளி தொடங்கிய வருஷம் 1864. அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1854-ல், அரசு ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தது. அதுதான் 1867-ல் கல்லூரியாகி, காவிரிக் கரையில் இன்றும் இருக்கிற அரசுக் கல்லூரி. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அதற்குப் பெயர் உண்டு. ஆக, பட்டுக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கும் வெற்றிலைக்கும் கோயிலுக்கும் பெயர் போன ஒரு சின்ன ஊரில், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ஹைஸ்கூலும் ஒரு காலேஜும் இருந்தன. பெரிய விஷயம். அந்த நாளில் மதராஸுக்குப் பையனை அனுப்பிச் சாப்பாடும் வாடகையும் கட்டிப் படிக்க வைக்க எத்தனை குடும்பத்தால் முடியும்?

படிப்பு எப்படி? முதல் பாரம், இரண்டாம் பாரம் என்று ஆறாம் பாரம் வரை. இன்றைய கணக்கில் ஆறாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரை. பாடமெல்லாம் இங்கிலீஷில். ஆறாம் பாரத்தின் முடிவில் மெட்ரிகுலேஷன். இந்தத் தேர்வை நடத்தியது பள்ளிக் கல்வித் துறை அல்ல, 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம். இதைக் கவனிக்க வேண்டும். ஹைஸ்கூல் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதைக் காலேஜ்தான் தீர்மானித்தது. பிளஸ் டூ பாடத்தை என்ட்ரன்ஸ் கோச்சிங் தீர்மானிப்பதாக இன்று நாம் குறைப்படுகிறோம் இல்லையா, அந்தக் குறை ரொம்பப் பழையது.

யார் படித்தார்கள் என்றும் சொல்லிவிட வேண்டும். அப்போது இந்த மாதிரி ஊர்களில் ஹைஸ்கூல் வரை வந்தவர்கள் பெரும்பாலும் பிராமணப் பையன்கள், அப்புறம் வசதியுள்ள வேறு சில குடும்பத்துப் பையன்கள். பெண்பிள்ளைகள் இல்லை. என் தாத்தா மாதிரி வயலில் நின்றவர்களின் பிள்ளைகளும் இல்லை. மதிய உணவும், இலவசப் படிப்பும், பக்கத்து ஊரிலேயே ஒரு ஹைஸ்கூலும் வருவதற்குக் காமராஜர் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொற்காலம் என்று நான் எதையும் சொல்ல வரவில்லை.

1898 ஜனவரியில் இந்தப் பள்ளியில் பத்து வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். வீடு சாரங்கபாணி சந்நிதித் தெரு. அப்பா ஜவுளிக் கடைக் குமாஸ்தா. மாதச் சம்பளம் இருபது ரூபாயை ஒட்டி. அம்மா கோயிலில் பஜனை பாடுவார். வீட்டில் காலேஜ் மாணவர்கள் ஓரிருவருக்குச் சாப்பாடு போட்டுத் தங்க வைத்து நாலு காசு பார்ப்பார். பிரைமரி பரீட்சையில் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே முதலாவதாக வந்ததால், டவுன் ஹைஸ்கூலில் இந்தப் பையனுக்குப் பாதிச் சம்பளம். யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சீனிவாச ராமானுஜன். பெயரைச் சொன்னதும், "ஓ, அந்தக் கதைதானா" என்று சிலர் சாய்ந்து உட்காருவது தெரிகிறது. நாமகிரித் தாயார் கனவு, 1729 நம்பர் டாக்சி, இரண்டையும் இன்று தொடப் போவதில்லை. நான் பேச வந்தது பள்ளிக்கூடத்தைப் பற்றி.

அந்தப் பள்ளியில் சுமார் 1,200 மாணவர்கள், 35 ஆசிரியர்கள். வருஷத் தொடக்கத்தில் டைம் டேபிள் போட வேண்டும். அது மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையரின் பொறுப்பு. அவர் அந்த வேலையை ராமானுஜனிடம் கொடுத்தார். ஒரு ஸ்கூல் பையனிடம்!

இங்கே டைம் டேபிள் கமிட்டியில் இருந்து அல்லாடிய பேராசிரியர்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும். ஒரு ஆசிரியர் ஒரே பீரியடில் இரண்டு வகுப்பில் இருக்க முடியாது. ஒரு வகுப்புக்கு ஒரே பீரியடில் இரண்டு பாடம் இருக்க முடியாது. தமிழ் எடுக்கிறவனையும் சம்ஸ்கிருதம் எடுக்கிறவனையும் பிரித்து உட்கார வைக்க வேண்டும். ஒரு இடத்தில் சரி செய்தால் இன்னொரு இடத்தில் இடிக்கும். ஆசிரியர்களின் நேர வசதியையும் சேர்த்துக்கொண்டால் இது எவ்வளவு கஷ்டமான வகைக் கணக்கு என்று 1976-ல்தான் கணினி அறிவியல்காரர்கள் முறையாக நிரூபித்தார்கள். அளவு கூடக் கூட, சாத்தியமான வழிகளின் எண்ணிக்கை எந்தக் கம்ப்யூட்டரும் சோதித்து முடிக்க முடியாத அளவுக்குப் போய்விடும். எல்லாச் சமயத்திலும் சீக்கிரமாக விடை தருகிற முறையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பையன் அந்தத் தத்துவத்தையெல்லாம் யோசித்திருக்க மாட்டான், உட்கார்ந்து போட்டுக் கொடுத்திருப்பான்.

எனக்கு இதில் பிடித்தது பையனின் மூளை அல்ல. அது ஊரறிந்தது. வாத்தியாரின் முடிவுதான் பிடித்தது. அவர் அவனுக்குக் கூடுதலாக நூறு கணக்கு கொடுத்திருக்கலாம். "நீ கெட்டிக்காரன், போய்ப் படி" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பள்ளிக்கே தேவையான, தப்பாகப் போனால் தன் தலையில் விழக்கூடிய ஒரு நிஜ வேலையைக் கொடுத்தார். பையன்களில் யார் எதற்கு ஆவான் என்று தெரிந்து வைத்திருக்கிற பள்ளிக்கூடத்தில்தான் இது நடக்கும். அதுவும் அந்தப் பள்ளியின் படிப்பில் சேர்ந்ததுதான். எந்த சிலபஸிலும் எழுதியிருக்காது.

அடுத்தது 1904 பரிசளிப்பு விழா. கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசை ராமானுஜனுக்குக் கொடுக்கிறார்கள். தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் மேடையில் அவரை அறிமுகப்படுத்தி, இந்தப் பையனுக்கு முழு மதிப்பெண் போதாது, அதற்கு மேலும் போடலாம் என்ற பொருளில் பேசினார். ஒரு தலைமை ஆசிரியர், ஊர்ப் பெரியவர்கள் முன்னால், மதிப்பெண் என்ற அளவுகோல் எங்கே தீர்ந்து போகிறது என்று ஒப்புக்கொள்கிறார். நாம் எத்தனை பரிசளிப்பு விழா பார்த்திருக்கிறோம்! இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை.

இன்னொன்று. இந்தப் பள்ளி ராமானுஜனுக்காக மற்றப் பாடங்களைத் தளர்த்தவில்லை. இங்கிலீஷ் உட்பட எல்லாவற்றையும் படித்து, 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷனில் முதல் வகுப்பில் தேறினார். அதை வைத்து அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. படிக்க சுப்ரமணியம் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. இங்கிலீஷிலும் கணிதத்திலும் தேர்ச்சி உள்ளவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஸ்காலர்ஷிப் அது. இங்கிலீஷிலும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு புத்தகம் வந்துவிட்டது. 1903-ல், இன்னும் ஹைஸ்கூல் பையனாக இருக்கும்போதே, அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு நண்பர் மூலமாக ஜி.எஸ். கார் என்பவர் தொகுத்த கணித நூல் கைக்கு வந்தது. சுமார் ஐயாயிரம் தேற்றங்கள்; பெரும்பாலும் நிரூபணம் கிடையாது, இருந்தாலும் ஒரு வரி இரண்டு வரி. இலக்கிய நயமுள்ள புத்தகமெல்லாம் இல்லை, லண்டனில் டியூஷன் எடுத்த ஒருவரின் பரீட்சைக் கையேடு என்றே சொல்லலாம். ராமானுஜன் ஒவ்வொன்றையும் தானே நிரூபிக்க உட்கார்ந்தார். காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடி எழுதுவார்.

1904-ல் ஆற்றங்கரைக் கல்லூரிக்குப் போனார். அதே கல்லூரியில்தான் உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை தமிழ் சொல்லிக் கொடுத்தார். ராமானுஜன் வருவதற்கு முந்தைய வருஷம் அவர் மதராஸுக்கு மாறிப் போய்விட்டார். ஒரு வருஷம் தள்ளிப் போயிருந்தால் என்று எனக்கு ஒரு நப்பாசை. போகட்டும்.

எஃப்.ஏ. வகுப்பில் கணிதத்தோடு இங்கிலீஷ், கிரேக்க ரோமானிய வரலாறு, உடலியல், சம்ஸ்கிருதம். வகுப்பில் ரோம் நகரத்துச் சரித்திரம் ஓடும்போது இவர் நோட்டில் சூத்திரம் ஓடும். வருஷ முடிவில் இங்கிலீஷில் தவறினார். ஸ்காலர்ஷிப் நின்றது. கல்லூரிச் சம்பளம் ஒரு டெர்முக்கு 32 ரூபாய், அதாவது அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம். அம்மா நேராகப் போய் முதல்வரிடம் வாதாடினார். முதல்வர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், விதியை மாற்ற முடியாது என்றுவிட்டார். 1905-ல் ராமானுஜன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார்.

அந்த முதல்வரைத் திட்டுவது சுலபம், எனக்கு அதில் ஆர்வமில்லை. அவர் கையில் இருந்தது ஒரு விதி, அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்தினார். அதே கல்லூரியின் நூலகம்தானே, தன் மாணவனாக இல்லாத ஒரு பையனுக்கும் போய்ச் சேர்ந்த அந்தப் புத்தகத்தை வைத்திருந்தது? அதே கல்லூரியில் கணிதம் எடுத்த சேஷு ஐயர்தானே பின்னாளில் ராமானுஜனுக்காகக் கடிதம் எழுதினார்? கெட்ட மனிதர்கள் யாரும் இந்தக் கதையில் இல்லை. அதனால்தான் விதியைப் பார்க்கச் சொல்கிறேன்.

டிசம்பர் 1903-ல் இங்கிலீஷில் தேறிய பையன், பன்னிரண்டு மாதத்தில் இங்கிலீஷில் தவறினான் என்றால் நடுவில் என்ன மாறியது? மூளை மாறவில்லை, மொழி மாறவில்லை, ஊர்கூட மாறவில்லை. ஆறு வருஷமாக அவனைத் தெரிந்த ஆசிரியர்கள் இருந்த இடத்திலிருந்து, ஒரு வருஷ மதிப்பெண் பட்டியலாக மட்டும் தெரிந்த இடத்துக்கு மாறினான். நான் கண்ட பதில் இதுதான். புத்தகத்தின் மயக்கமும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த மயக்கத்தைப் பார்த்துவிட்டு, "டேய், இங்கிலீஷ் கட்டுரையும் எழுதிவிட்டு அப்புறம் இதைப் பார்" என்று பிடரியில் தட்டுகிற உரிமை உள்ள ஒருவர் ஹைஸ்கூலில் இருந்தார். காலேஜில் இல்லை.

இப்போது நம்ம காலேஜுக்கு வருகிறேன். நான் சேர்ந்தது 2007-ல். தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட பிறகு வந்த முதல் செட். கணிதம் நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது என்று இருநூறுக்குக் கட் ஆஃப், அப்படியே கவுன்சலிங். சின்ன ஊர்ப் பள்ளிகளிலிருந்து, தமிழ் மீடியத்திலிருந்து வந்த பையன்களும் பெண்களும் என் வகுப்பில் நிறையப் பேர். பிளஸ் டூவில் வகைக்கெழு என்று படித்தவன் இங்கே முதல் நாள் டெரிவேடிவ் என்று கேட்கிறான். விஷயம் தெரியும், பெயர் தெரியாது. போர்டில் எழுதுவதை அப்படியே வரைந்துகொள்வான். ஹாஸ்டலுக்கு வந்து அகராதி வைத்துப் படித்து ஒரு பக்கம் முடிக்கும்போது மணி பன்னிரண்டு.

என் ரூம் மேட் ஒருவன். பெயர் வேண்டாம், இந்த ஹாலில்தான் இருக்கிறான், என்னை முறைத்துக்கொண்டிருக்கிறான். அவன் ஊர் ஹைஸ்கூலில் அவன்தான் முதலாவது. நம் சங்கத்தின் உதவித்தொகை கிடைத்தது. முதல் செமஸ்டரில் கணிதத்தில் ஒரு பேப்பர் போச்சு. இரண்டாம் செமஸ்டருக்கு உதவித்தொகை நின்றது. அப்புறம் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. படிக்க நேரம் வேண்டியவனிடமிருந்து தினம் நாலு மணி நேரத்தை நாமே பிடுங்கி விட்டோம். அடுத்த செமஸ்டரில் இரண்டு அரியர். கடைசியில் எல்லாவற்றையும் முடித்து இன்று நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அதே மாதிரி நின்றுபோன இன்னும் இரண்டு பேர் இந்த ஹாலில் இல்லை. ஒன்றுகூடல் அழைப்பிதழ் அனுப்பக்கூட அவர்கள் முகவரி நம்மிடம் இல்லை.

சரி, மோட்டார். சொன்னேன் அல்லவா, வரும் என்று.

வயலில் பம்ப்செட் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும், மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரண்டைப் போல ஐந்து, ஆறு, ஏழு மடங்கு இழுக்கும். ஓட்டம் பிடித்த பிறகு தானாக இறங்கிவிடும். மோட்டாரைக் காப்பாற்ற ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே இருக்கிறது. கரண்டு அளவுக்கு மேல் போனால் அது விழ வேண்டும். ஆனால் கிளம்பும்போதே அளவுக்கு மேல் போகிறதே, அப்போதே விழுந்துவிட்டால்? மோட்டார் ஒருநாளும் ஓடாது. அதனால் ரிலே செய்கிறவர்கள் அதற்கு வகுப்பு வைத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு ரிலே, சுமார் ஏழு மடங்கு கரண்டில் பத்து செகண்டுக்குள் விழ வேண்டும். நாலு செகண்டாவது பொறுக்கவும் வேண்டும். பெரிய ஃபேன் மாதிரி கனமான சுமையை இழுத்துக்கொண்டு மெதுவாக வேகம் பிடிக்கிற மோட்டாருக்கு முப்பதாம் வகுப்பு ரிலே போடுவோம், அது அரை நிமிஷம் வரைகூடப் பொறுக்கும். ரிலேயையே எடுத்துவிடுவதில்லை. ரோட்டர் நிஜமாகவே சிக்கிக்கொண்டால் அது விழத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வைண்டிங் கருகிவிடும். கேள்வி, எந்த மோட்டாருக்கு எவ்வளவு நேரம் பொறுப்பது என்பது மட்டும்தான்.

நம் விதி, கிளம்பும்போதே விழுகிற ரிலே. கனமான சுமையோடு வருகிறவனுக்கு முதலில் விழுகிறது. உதவித்தொகை யாருக்காக வைத்தோமோ அவனுக்கு.

"எல்லா அரியர்காரனும் ராமானுஜனா?" என்று பொதுக்குழுவில் கேட்பார்கள் என்று தெரியும், போன வாரமே ஒரு அண்ணன் போனில் கேட்டுவிட்டார். இல்லை. ஒருத்தரும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ராமானுஜனுக்காக விதியை மாற்றத் தேவையே இல்லை. அவருக்கு அப்புறம் ஆட்கள் கிடைத்தார்கள். அந்த வருஷம் வேறு கல்லூரிகளிலும் இதே மாதிரி ஒரு பேப்பரில் தவறி, சம்பளம் கட்ட முடியாமல் வீட்டுக்குப் போன பையன்கள் இருந்திருப்பார்கள். கணிதத்தில் மேதை இல்லை, நல்ல ஓவர்சியராகவோ நல்ல வாத்தியாராகவோ ஆகியிருக்கக் கூடியவர்கள். அவர்களைப் பற்றிப் புத்தகம் எழுத ஆளில்லை. நான் கவலைப்படுவது அவர்களுக்காக.

அந்தக் கிடைத்த ஆட்களைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும், ஏனென்றால் என் திருத்தம் அங்கிருந்துதான் வருகிறது. 1906-ல் ராமானுஜன் மதராஸ் பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி எஃப்.ஏ. முயன்று, உடலியலில் அடிபட்டு, அதுவும் போயிற்று. 1910-ல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார்; இந்தியக் கணிதவியல் கழகத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அந்த வழியில் சேஷு ஐயரையும், பிறகு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவையும் அடைந்தார். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தன் பணத்திலிருந்து கொடுத்தார். நிபந்தனை எதுவும் இல்லை. சும்மா வாங்கிக்கொண்டிருக்கக் கூச்சப்பட்டு, 1912 மார்ச்சில் துறைமுகத்தில் 30 ரூபாய்க் குமாஸ்தா வேலைக்குப் போனார். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார்.

அதே 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்கு அதைக் கொடுக்க விதியில் இடமில்லை. சிண்டிகேட்டில் கூடிப் பேசி வழி கண்டார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் மெட்ரிகுலேஷனிலும் அப்புறம் எஃப்.ஏ.விலும் அளந்தது இதே பல்கலைக்கழகம்தான்! இந்த உதவித்தொகைக்கு நிபந்தனை இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, செய்த வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும். ராமானுஜன் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். 1914 மார்ச்சில் கப்பலேறினார்.

ஆக ஒரே மனிதருக்கு இரண்டு ஸ்காலர்ஷிப். முதலாவது, வருஷக் கடைசியில் ஒரு பட்டியலைப் பார்த்தது. இரண்டாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, "என்ன செய்திருக்கிறாய், காட்டு" என்று கேட்டது. இரண்டாவதைத் தர்மம் என்று சொல்ல முடியாது. உண்மையில் அதுதான் கண்டிப்பானது. பரீட்சையை வருஷத்துக்கு ஒரு தடவை சமாளித்துவிடலாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒருவர் முகத்துக்கு எதிரே நோட்டைத் திறந்து காட்டுவது இருக்கிறதே, அதற்கு நிஜமாகவே படித்திருக்க வேண்டும். டவுன் ஹைஸ்கூலில் கணபதி சுப்பையர் செய்ததையேதான் பல்கலைக்கழகம் பல வருஷம் தாமதமாக விதியாக்கியது என்று எனக்குப் படுகிறது. சரித்திரப் பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும், இது ஒரு இன்ஜினீயரின் கருத்து.

அரசாங்கம் சும்மா இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினீயரிங் உள்ளிட்ட தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடம் 2021-ல் வந்தது, கட்டணமும் அரசே கட்டுகிறது. ஆனால் அது வந்தபோது அரசு உதவி பெறும் பள்ளிகளை அதில் சேர்க்கவில்லை. டவுன் ஹைஸ்கூல் மாதிரியான பழைய பள்ளிகளும், என் பள்ளியும் அந்த வகைதான். அந்த இடைவெளியில் நிற்கிற பிள்ளைகளுக்குத்தான் நம்மைப் போன்ற சங்கங்களின் பணம் போக வேண்டும், போகிறது. போய், முதல் செமஸ்டரிலேயே நின்றுவிடுகிறது.

திருத்தம் இதுதான். முதல் இரண்டு செமஸ்டர்களில் அரியர் காரணமாக உதவித்தொகையை நிறுத்தக் கூடாது. அதற்குப் பதிலாக, உதவித்தொகை வாங்குகிற ஒவ்வொரு மாணவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சங்கத்தின் உறுப்பினர் ஒருவரை நோட்டும் கையுமாகச் சந்திக்க வேண்டும். வீடியோ காலிலும் சந்திக்கலாம். துபாயிலும் டெட்ராய்ட்டிலும் இருப்பவர்கள் தப்பிக்க முடியாது. நாலு ஆண்டும் அதே உறுப்பினர்தான், மாற்றக் கூடாது. மூன்றாம் செமஸ்டரிலிருந்து, அரியர் எண்ணிக்கை குறைந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த உறுப்பினர் எழுத்தில், "இவர் படிக்கவே இல்லை, நான் இரண்டு முறை சொல்லிவிட்டேன்" என்று கொடுத்தால் நிறுத்தலாம். ரிலே இருக்கட்டும். வகுப்பை மட்டும் மாற்றுகிறோம்.

இதற்குப் பணம் கூடுதலாக வேண்டாம் என்று பொருளாளர் அண்ணனிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒதுக்கிய தொகையில் ஒவ்வொரு வருஷமும் நின்றுபோகிற பங்கு பாங்கியில்தான் கிடக்கிறது. வேண்டியது ஆட்கள். மூன்று மாதத்துக்கு அரை மணி நேரம். அது நம்மில் பல பேருக்குப் பணத்தைவிடக் கஷ்டம், எனக்கும்தான்.

ஒரு ஆட்சேபணைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. உறுப்பினர் தனக்கு வேண்டியவனுக்கு சலுகை காட்டினால் என்ன செய்வது என்று பேராசிரியர் ஒருவர் கேட்டார். மதிப்பெண்ணுக்கு முகம் தெரியாது, அதுதான் அதன் பலம் என்றார். நியாயமான பேச்சு. எங்கள் தாத்தா தலைமுறையைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியதும் முகம் பார்த்துத்தானே. அதனால் உறுப்பினரையும் மாணவரையும் சீட்டுக் குலுக்கித்தான் சேர்க்க வேண்டும், ஒரே ஊர்க்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் மதியம் எழுந்து சொல்லுங்கள், அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

திருத்தத்தின் நகல் வாசலில் பெயர் பதிவு செய்கிற மேஜையில் இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். மாணவர்களைச் சந்திக்கத் தயாராக இருப்பவர்கள் பெயரும் போன் நம்பரும் எழுதினால் போதும். முதல் வரியில் என் பெயர் இருக்கிறது. இரண்டாம் வரியில், என்னைக் கேட்காமலே காலையில் ஒருவன் போய் எழுதிவிட்டு வந்திருக்கிறான். முறைத்துக்கொண்டிருக்கிறான் என்று சொன்னேனே, அவன்தான். மூன்றாம் வரியிலிருந்து காலி. பொதுக்குழு இரண்டரை மணிக்கு. இப்போது சாப்பாடு.